நாலுக்குப் பதிலாக ஆறு

எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் நான் அண்ணிதான். என்னைவிடப் பத்து வயது மூத்த மேலாளர்கூட "அண்ணி, பிரிண்டர் வேலை செய்யல" என்றுதான் வந்து நிற்பார். காரணம் என் நாத்தனார். நான் இங்கே வேலைக்குச் சேர்வதற்கு ஆறு வருஷம் முன்பே அவள் இங்கே இருந்தாள். முதல் நாள் வாசலில் கால் வைத்தவுடன் "வாங்க அண்ணி" என்றாள். அன்றைக்கு ஒட்டியது இன்றுவரை போகவில்லை. ஒரு மாதம் எல்லோரையும் திருத்திப் பார்த்தேன். பிறகு ஊரோடு ஒத்து வாழ் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் செய்வது செயற்கைக் கால். முழங்காலுக்குக் கீழே கால் போனவர்கள் வருவார்கள். மிச்சமிருக்கிற காலை ஸ்கேனர் படம் பிடிக்கும். அந்தப் படத்தை ஒரு நிரல் வாங்கி, எங்கே அழுத்தம் தாங்கும், எங்கே தாங்காது என்று கணக்குப் போட்டு உருவத்தை மாற்றி அமைக்கும். செதுக்கும் இயந்திரம் அந்த உருவத்தை நுரைக்கட்டையில் வெட்டித் தரும். அந்தக் கட்டையின் மேல் என் நாத்தனார் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி இழுப்பாள். ஆறியதும் கட்டையை உடைத்து எடுத்தால் உள்ளே கூடு. அதுதான் சாக்கெட். கால் உட்காருகிற இடம். கீழே குழாயும் பாதமும் யார் வேண்டுமானாலும் மாட்டலாம். சாக்கெட் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

அவளுக்குப் பட்டறையில் பெயர் 'அரம்'. கையில் எப்போதும் அரம் இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் வாயைத் திறந்தால் தெரிந்துகொள்ளலாம்.

என் வேலை கம்ப்யூட்டர்கள். நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் அந்த உருவம் அமைக்கிற நிரல் ஓடுகிறது. அதற்கு நான் வைத்த பெயர் மாமனார். எதையும் விளக்கிச் சொல்லாது, எதற்கும் மாறாது, அது இல்லாமல் வீடும் நடக்காது. எழுதிக் கொடுத்த கம்பெனியை மூடி எட்டு வருஷம் ஆகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஓடுகிறவரை ஓடட்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"எங்க அப்பாவை ஏன் வம்புக்கு இழுக்கிறீங்க?" என்பாள் நாத்தனார்.

"உங்க அப்பாகிட்ட கேட்டா ஒரு பதிலாவது வருமே, இது அதுகூட இல்ல" என்பேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர்களை இயக்குகிற பழைய லினக்ஸுக்கு மாத முடிவோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும், எல்லா இயந்திரங்களையும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பட்டறை மூடியதும் உட்கார்ந்து மாற்றினேன். மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்தேன். நான் கோபக்காரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அஜாக்கிரதைக்காரி இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதைப் படித்துவிட்டு நீங்கள் நம்பமாட்டீர்கள்.

திங்கட்கிழமை காலை மாமனார் எழுந்திருக்கவில்லை.

திரையில் ஒரே ஒரு வரி. இன்ன லைப்ரரி, நாலாவது பதிப்பு, திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லினக்ஸில் நிரல்கள் எல்லாச் சாமான்களையும் தாங்களே சுமந்துகொண்டு திரிவதில்லை. தெருவுக்கு ஒரு ஏணி இருந்தால் வீட்டுக்கு வீடு ஏணி எதற்கு? பலருக்கும் வேண்டிய வேலைகளைப் பொதுவாக ஓர் இடத்தில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் லைப்ரரி. வேண்டிய நிரல் வேண்டிய நேரத்தில் இரவல் வாங்கிக்கொள்ளும். எங்கள் மாமனார் உருவத்தின் மேடுபள்ளங்களை இழைத்து வழவழப்பாக்கும் வேலையை அப்படி ஒரு லைப்ரரியிடம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது அதன் நாலாவது பதிப்பு. சனிக்கிழமை நான் செய்த மாற்றத்தில் நாலாவது போய் ஆறாவது வந்துவிட்டது. ஏணி இருந்த இடத்தில் வேறு ஏணி. அவரோ பெயர் சொல்லிக் கேட்கிறார், அந்தப் பெயரில் ஆள் இல்லை.

மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"அண்ணி, இன்னிக்கு தபால்காரர் கால் வெட்டணும்."

கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். எங்களுக்கு அது நுரைக்கட்டை வெட்டுவது.

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை அவருக்கு டெஸ்ட்."

"அதுவும் தெரியும்."

அந்தத் தபால்காரரைப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஒரே வட்டாரம். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மனிதர் கடிப்பார் என்று அத்துப்படி. போன வருஷம் ஒரு லாரி பின்னால் வந்தது, இடது கால் போயிற்று. ஆறியதும், திரும்ப வேலைக்கு வருவேன் என்று எழுதிப் போட்டார். இலாகா ஒரு தேதி கொடுத்தது. அன்றைக்கு அவர்களுடைய டாக்டர் முன்னால் பையை மாட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும். முடிந்தால் அவர் வட்டாரம் அவருக்கு. முடியாவிட்டால் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வட்டாரம் வேறொருவருக்கு. ஐம்பத்தோரு வயது. "வீட்ல உக்கார்ந்து யாருக்கும்மா லெட்டர் குடுக்கப் போறேன்?" என்று ஸ்கேன் எடுத்த அன்று என்னிடம் கேட்டார்.

மேலாளர் நகரவில்லை. பின்னால் ஆள் நின்றால் எனக்கு மூளையின் கதவு சாத்திக்கொள்ளும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரிக்கும் அதே அளவுதான். ஆறாவது பதிப்பின் முன்னால் 'நாலு' என்று ஒரு பெயர்ப் பலகையை மாட்டினேன். அவ்வளவுதான், ஒரே ஒரு வரிக் கட்டளை. யாராவது நாலைக் கேட்டால் ஆறைக் காட்டு. ஆள்மாறாட்டம். எங்கள் தொழிலில் செய்யாதவர்கள் இல்லை, செய்யலாம் என்று சொல்பவர்களும் இல்லை.

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். திரையில் தபால்காரரின் கால் சுழன்றது. ஒரு பிழைச் செய்தி இல்லை.

"சூப்பர் அண்ணி!" என்றார் மேலாளர். எனக்கு டீ வந்தது. இது தற்காலிகம், சாவகாசமாகச் சரியாகச் செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தற்காலிகம் என்று வைத்ததற்கு இருப்பதைப் போல நீண்ட ஆயுசு எங்கள் தொழிலில் வேறு எதற்கும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை நாத்தனார் நுரைக்கட்டையைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தகடு போர்த்துவதற்கு முன் கட்டையைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணை வேறெங்கோ வைத்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவுவாள். இரண்டு நிமிஷம் ஆகும். யாரும் பேசக்கூடாது.

"அண்ணி, இது சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"வெளிப்பக்க எலும்பு முட்டிக்கிட்டு நிக்குமே, அதுக்கு இடம் விட்டு மேடு வரணும். காணோம். முழங்காலுக்குக் கீழ பள்ளம் வரணும், அதுவும் சும்மா பேருக்குத்தான் இருக்கு."

"காணோமா, குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

அவள் மறுபடி கட்டையைத் தடவினாள். அவளுக்கு மில்லிமீட்டர் தெரியாது என்பதல்ல; கையில் தெரிந்ததை எண்ணில் சொல்லத் தெரியாது. நான் அங்கேதான் பிடித்தேன். டேப்பை எடுத்தேன். ஏழு இடத்தில் சுற்றளவு எடுப்பது எங்கள் முறை. ஏழும் எடுத்தேன், சத்தம் போட்டுப் படித்தேன். ஏழும் திரையில் இருந்த எண்களோடு மிகச் சரியாகப் பொருந்தின.

"இப்ப சொல்லு. டேப் பொய் சொல்லுதா?"

"டேப் பொய் சொல்லல. கையும் பொய் சொல்லல."

"ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும்."

"சரி, அண்ணி சொன்னா சரி."

அந்தச் 'சரி'யின் அர்த்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் எங்களோடுதான் இருக்கிறாள். அன்று சாப்பாட்டு மேஜையில் என் கணவர் இரண்டு பக்கமும் திரும்பாமல் நேராகச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எங்கள் பட்டறையில் யாராவது கேட்டால் நாலாவது காலுக்கு அளவு எடுத்துவிடுவார்கள் என்று நானே மனசுக்குள் ஜோக் அடித்துக்கொண்டு எழுந்தேன். சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை தபால்காரர் வந்தார். இஸ்திரி போட்ட சீருடைச் சட்டை. வேலையில் இல்லாதவர் எதற்குச் சீருடை போட்டுக்கொண்டு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நாத்தனார் அவர் காலில் மெத்தென்ற உறையை மாட்டி, சாக்கெட்டை ஏற்றி, பாதத்தைத் திருப்பி நேராக்கினாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினாள்.

நடந்தார். முதல் தடவை கம்பியைப் பிடித்து. இரண்டாவது தடவை விரல் மட்டும் தொட்டு. மூன்றாவது தடவை கையைத் தூக்கிவிட்டார். மேலாளர் தட்ட ஆரம்பித்தார், நாங்கள் எல்லோரும் தட்டினோம்.

"எங்கயாவது இடிக்குதா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"இல்லம்மா. அருமையா இருக்கு."

"வெளிப்பக்கம், இந்த எலும்புகிட்ட?"

"இல்லவே இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உரசினாலும் சொல்லலாம்."

"அட, பூ மாதிரி இருக்கும்மா."

நான் அவளைப் பார்த்தேன். வெற்றிப் பார்வை. இப்போது நினைத்தால் அந்தப் பார்வையைத் திரும்ப வாங்கி எங்காவது புதைத்துவிடலாம் என்று இருக்கிறது. தபால்காரர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, வீட்டில் நடந்து பழகுகிறேன் என்று காலை மாட்டிக்கொண்டே போனார்.

வியாழக்கிழமை காலை ஒரு சமையல்காரம்மாவின் வேலை வந்தது. போன வருஷம் செய்துகொண்டு போன சாக்கெட்டில் விரிசல். கால் மாறவில்லை, எடை மாறவில்லை, பழைய ஸ்கேன் கோப்பிலிருந்தே இன்னொன்று வெட்டினால் போதும். நான் கோப்பை மாமனாரிடம் கொடுத்து வாங்கி இயந்திரத்துக்கு அனுப்பினேன். அந்தம்மாவுக்கு முதலில் செய்தபோது இரண்டு கட்டை வெட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. உடைக்காத ஒன்று அலமாரியில் தூசியோடு நின்றது.

பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள். பழைய கட்டையையும் புதிய கட்டையையும் என் கீபோர்டுக்கு இரண்டு பக்கமும் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரே கோப்பு. ஒரே நிரல். ஒரே இயந்திரம்.

டேப் எடுத்தேன். ஏழு இடத்திலும் இரண்டும் ஒன்றுதான். டேப்பை வைத்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அவளைப் போலக் கண்ணை வேறெங்கோ வைத்துத் தடவினேன். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக விசைகளைத் தட்டிய கை. மறுபடி தடவினேன். மூன்றாவது தடவை, பழைய கட்டையில் வெளிப்பக்கம் ஒரு சிறு மேடு விரலை ஏற்றி இறக்கியது. புதியதில் விரல் நேராகப் போயிற்று. முன்பக்கம் பழையதில் கட்டைவிரல் போய் உட்கார ஒரு பள்ளம் இருந்தது. புதியதில் அந்தப் பள்ளம் பாதி தூர்ந்து கிடந்தது.

மேடு குறைந்திருக்கிறது, பள்ளம் நிரம்பியிருக்கிறது. ஒன்று குறைந்ததை இன்னொன்று ஈடுகட்டிவிட்டது. சுற்றிப் போட்ட டேப்புக்கு எல்லாம் சரி. டேப் பொய் சொல்லவில்லை. கையும் பொய் சொல்லவில்லை.

அந்த லைப்ரரியின் ஆறாவது பதிப்போடு வந்த குறிப்புகளைத் திறந்தேன். திங்கட்கிழமை படித்திருக்க வேண்டியவை. இருநூறு வரிக்குக் கீழே ஒரே ஒரு வரி: இழைக்கும் அளவு இதுவரை முழு அகலமாக எடுத்துக்கொள்ளப்பட்டது, இனிமேல் பாதி அகலமாக எடுத்துக்கொள்ளப்படும். மாமனார் பத்து வருஷமாகக் கொடுக்கிற அதே எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார். முழுச் சுற்றளவு எழுதிக் கொடுத்த சீட்டை, பாதி அளவு என்று நினைத்து வெட்டுகிற தையல்காரர் கையில் நான்தான் அவரைக் கொண்டுபோய் விட்டேன். அதனால் இரண்டு மடங்கு இழைத்திருக்கிறது. வேண்டாத சொரசொரப்போடு சேர்த்து வேண்டிய மேட்டையும் இழைத்துத் தள்ளிவிட்டது.

திங்கட்கிழமைக்குப் பிறகு தகடு போர்த்தி வெளியே போனது ஒரே ஒரு கால்தான். அது தபால்காரருடையது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

போன் போட்டேன், எடுக்கவில்லை. நாத்தனாரிடம் போய் "கிளம்பு" என்றேன். எங்கே என்று கேட்காமல் பையில் அரத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என்னால் அடக்க முடியவில்லை.

"உனக்குத்தான் தெரிஞ்சுதே. செவ்வாய்க்கிழமையே பிடிவாதமா நின்னிருக்கலாமே? ஊருக்கெல்லாம் வாய் கிழியுது, அன்னிக்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"ஒரு தடவை சொன்னேன் அண்ணி. ரெண்டாவது தடவை சொன்னா வீட்ல நாலு நாள் பேச்சு இருக்காது. அண்ணன் பாவம். அதான்."

"நான் அவ்வளவு மோசமா?"

"நீங்க மோசம்னு சொல்லல. உங்ககிட்ட ஒண்ணு சரியில்லன்னு சொல்றதுக்கு நிறைய பலம் வேணும். எல்லா நாளும் இருக்காது."

நான் பதினான்கு வருஷமாக அவளோடு ஒரே கூரையின் கீழே இருக்கிறேன். என் கம்ப்யூட்டர் மேஜைக்காக அவள் தன் அறையில் பாதியைக் கொடுத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை அவளுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பிழைச் செய்தி வராவிட்டால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நினைக்கிற புத்தி எனக்குக் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை என்று அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அவர் வீடு இரண்டாவது மாடி. நீளமான நடை, இரண்டு பக்கமும் கதவுகள். நாங்கள் படி ஏறி வரும்போதே பார்த்தோம். தோளில் பையை மாட்டிக்கொண்டு நடையின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். பையில் கனத்துக்காகப் பழைய செய்தித்தாள் கட்டுகள். பல்லைக் கடித்திருந்தார். எங்களைப் பார்த்தவுடன் முகம் மாறிச் சிரித்தது.

"வாங்கம்மா, வாங்க! இதோட இருபதாவது நடை. பாருங்க, பிடிக்காமலே வர்றேன்."

"முதல்ல உக்காருங்க" என்றேன்.

உட்கார வைத்து நாத்தனார் காலைக் கழற்றினாள். உறையை உருட்டி இறக்கினாள். வெளிப்பக்க எலும்பின் மேல் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. சுற்றிலும் நல்ல சிவப்பு.

நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

"இந்தக் கால் தப்பா செஞ்சது. நான்தான் தப்பு பண்ணினேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணு காணாமப் போச்சு, சரியானதைத் தேடாம அதே மாதிரி இருந்த வேற ஒண்ணை அந்த இடத்துல மாட்டிட்டேன். அது எலும்புக்கு விடவேண்டிய இடத்தை விடல. இவ அன்னிக்கே சொன்னா, நான் கேக்கல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப..." என்றார், "என் கால்ல தப்பு இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. "உங்க கால்ல என்ன தப்பு?"

"ரெண்டாவது அடியிலேயே குத்துச்சும்மா. ஆனா எல்லாரும் கை தட்டினீங்க. மெஷின் அளந்து செஞ்சது தப்பாவா இருக்கும்னு நினைச்சேன். என் கால்தான் சரியா ஆறல, நான்தான் லாயக்கு இல்லாதவனா ஆயிட்டேன்னு... பழகினா சரியாயிடும்னு நேத்துலருந்து நடந்துக்கிட்டே இருக்கேன்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மனிதர் ஒரு பகலும் ஒரு காலையும் தன் உடம்பைக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்து இருபது தடவை நடத்தியிருக்கிறார். குற்றம் செய்தது நான்.

"உங்க கால்ல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அதை மூன்று தடவை சொன்னேன்.

"அப்ப நாளைக்கு?"

நாத்தனார்தான் சொன்னாள். "நாளைக்கு முடியாதுங்க. இந்தத் தோல் மூடப் பத்து நாள் ஆகும். அதுவரை எதையும் மாட்டக்கூடாது. மாட்டினா புண்ணு ஆழமா உள்ள போயிடும், அப்புறம் இன்னும் மேல வெட்டச் சொல்லுவாங்க."

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் இலாகாவுக்குக் கடிதம் அடித்தேன். மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"புண்ணு இருக்கு, தேதி மாத்துங்கன்னு மட்டும் போடலாமே அண்ணி?"

"அப்படிப் போட்டா அவர் காலு சரியில்லன்னு ஆயிடும். தகுதி இல்லன்னு எழுதிடுவாங்க."

"சரி, 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு போடுங்க. பட்டறை பேரு கெடக்கூடாது பாருங்க."

"கோளாறு தானா வரல. நான் கொண்டுவந்தேன்."

நாத்தனார் தன் மேஜையிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணி, 'என்னால்'னு போடுங்க. 'எங்களால்'னு போட்டா என்னையும் சேர்த்த மாதிரி ஆயிடும்."

'என்னால்' என்றே போட்டேன். சாக்கெட் தவறாகச் செய்யப்பட்டது என்றும், பயனாளியின் காலில் எந்தக் குறையும் இல்லை என்றும், புண் எங்கள் சாக்கெட்டால் வந்தது என்றும், தவறு என் கையெழுத்தின் கீழே உள்ள பெயருக்கு உரியவருடையது என்றும் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதிய முதல் மன்னிப்பு. மேலாளர் பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினார். அன்று மாலைக்குள் நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. பதினெட்டு நாள் கழித்து ஒரு தேதி. இதுவே கடைசி வாய்ப்பு என்று அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

கடிதம் கொடுத்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அந்தப் பெயர்ப் பலகையைப் பிடுங்கி எறிந்தேன். மாமனாரைக் கூப்பிட்டேன். திரையில் அதே வரி வந்தது: நாலாவது பதிப்பு இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. இல்லாததை இல்லை என்று நேராகச் சொல்கிறது. திங்கட்கிழமையும் அதைத்தான் சொன்னது. நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

ஒரு நிரல் யார் யாரிடம் இரவல் வாங்குகிறது என்று பட்டியல் போட ஒரு கட்டளை உண்டு. போட்டேன். முப்பத்தொன்றில் ஒன்று மட்டும் 'இல்லை'. சனிக்கிழமை எடுத்த நகல் டிஸ்க்கிலிருந்து அசல் நாலாவது பதிப்பை எடுத்தேன். அதைப் பொது இடத்தில் வைக்கவில்லை, மற்ற நிரல்கள் புதியதோடு நன்றாகத்தான் இருக்கின்றன. மாமனாரின் பக்கத்திலேயே ஒரு தனி அடைப்பு செய்து அதில் வைத்து, அவர் எழும்போது மட்டும் முதலில் அங்கே பார்க்கும்படி ஒரு சிறு தொடக்கக் குறிப்பு எழுதினேன். மறுபடி பட்டியல். இப்போது வேறு ஒன்று 'இல்லை'. வந்த விருந்தாளி தன் மச்சானையும் கூப்பிட்டால்தான் சாப்பிடுவேன் என்றார். மச்சானைக் கொண்டுவந்தேன், மச்சானுக்கு ஒரு சகலை. மூன்று பேரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் பட்டியலில் ஓட்டை இல்லாமல் போயிற்று.

அப்போதும் அவர் ஓடுகிறார் என்பதற்காக நான் சந்தோஷப்படவில்லை. சமையல்காரம்மாவின் கோப்பை மறுபடி வெட்டி, அலமாரிக் கட்டையோடு சேர்த்து நாத்தனார் முன்னால் வைத்தேன். எது எதுவென்று சொல்லவில்லை. அவள் இரண்டையும் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், வேண்டுமென்றே.

"எது பழசுன்னு தெரியல" என்றாள்.

பிறகுதான் தபால்காரரின் கட்டையை வெட்டினோம்.

தோல் ஆறி, பன்னிரண்டாம் நாள் தபால்காரர் வந்தார். புது சாக்கெட்டை மாட்டிக் கம்பிகளுக்கு நடுவே விட்டோம். யாரும் கை தட்டக்கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். இரண்டு தடவை போய் வந்தார்.

"அருமையா இருக்கும்மா."

எனக்கு வந்ததே கோபம். "இன்னொரு தடவை அருமைன்னு சொன்னீங்க, காலைப் பிடுங்கி வச்சுக்குவேன். எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க."

அவர் மிரண்டு நாத்தனாரைப் பார்த்தார். "கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"அவங்க எப்பவும் கோவமாத்தான் இருப்பாங்க. நீங்க சொல்லுங்க" என்றாள் அவள்.

காலை ஒரு தடவை அழுத்தி ஊன்றிப் பார்த்தார். "உள்பக்கம்... இங்க. லேசா. பரவாயில்ல, தாங்கிக்கலாம்..."

"தாங்கிக்க வேண்டாம்" என்று சொல்லி நாத்தனார் அரத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தார். முதல் தடவை கேட்டால்தான் சொன்னார். இரண்டாவது தடவை கேட்காமல் சொன்னார். மூன்றாவது தடவை எந்த இடம், எப்போது, எத்தனையாவது படியில் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்து வரிசையாகப் படித்தார். வீட்டிலும் ஒன்று நடந்தது. ஒருநாள் காலை நாத்தனார் காபியை வைத்துவிட்டு, "அண்ணி, அந்த மேஜை என் ஜன்னலை மறைக்குது, பதினாலு வருஷமா" என்றாள். அன்றைக்கே நகர்த்தினோம். எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. வாயைத் திறக்கவில்லை.

தேர்வு நாளன்று பட்டறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. மேலாளர் நாலு தடவை வந்து பிரிண்டரைப் பற்றிக் கேட்டார், பிரிண்டர் நன்றாகத்தான் இருந்தது. பதினொன்றரைக்குப் போன் அடித்தது. எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, பாஸ் பண்ணிட்டேன். திங்கட்கிழமைலருந்து என் வட்டாரம் எனக்கே."

இந்தத் தடவை யாரும் யாரையும் தடுக்கவில்லை. மேலாளர் மேஜையைத் தட்டினார். சத்தம் அடங்குவதற்காகத் தபால்காரர் அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, நேராவே சொல்லிடறேன்" என்றார். குரல் கறாராக இருந்தது. "படி இறங்கும்போது பின்பக்கம் இடிக்குது. மூணு மாடியும் இடிச்சுது. போன தடவையே சொன்னேன், அந்தம்மா சரியாத் தேய்க்கல."

"தேய்க்கலையா? நானா?" என்று எழுந்தாள் நாத்தனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்க" என்றேன். "எங்க இடிக்குதுன்னு காட்டுங்க."